நரைத்த கதவு, வெளுத்த ஊஞ்சல்: மர வேலை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் சாம்பல் பூத்துவிட்டது, என்ன செய்ய? ஒரே பதிலை ஒன்பது பேருக்கு எழுத முடியாது என்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

அம்பாசமுத்திரம்: தெருவாசல் தேக்குக் கதவில் கீழ் ஒன்றரை அடி மட்டும் சாம்பலாகிவிட்டது. அதே நிறத்தில் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் சாயம்) வாங்கி அந்த இடத்துக்கு மட்டும் அடித்துவிடலாமா அண்ணாச்சி?

கூடாது. நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினை வெயில் அரித்துவிடுகிறது. அதை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிச்சம் நிற்பது பஞ்சு மாதிரி வெறும் நார், அதன்மேல் பூஞ்சை. இதில் ஸ்டெயின் அடித்தால் அது நாரைப் பிடிக்கும், நார் மரத்தைப் பிடிக்காது. ஆனால் இந்தச் செத்த தோல் நகக்கனம்கூட இருக்காது. போன மாசியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கதவைத் தேய்த்தேன். 80 நம்பர் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையில் நாலு இழுப்பு இழுத்ததும் சாம்பல் உதிர்ந்து தேன் நிறம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்கார ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்கள்.

80க்கு அப்புறம் 120. அதோடு நிறுத்துங்கள். 220 வரை போய் வழவழப்பாக்கினால் வெளிமரம் எண்ணெய் குடிக்காது. பாதியில் விட்டால் திட்டாகத் தெரியும். பலகை முடிந்து குறுக்குச் சட்டம் வரும் இடம் வரைக்கும் தேய்த்துவிட்டால் கண்ணுக்கு உறுத்தாது.

வள்ளியூர்: மரத்தைப் புதுசாக்க எவ்வளவு செலவு ஆகும்?

என்ன மரம், கதவா பெஞ்சா, எத்தனை அடி, மேலே ஏற்கெனவே பெயின்ட் இருக்கிறதா? ஒன்றுமே எழுதாமல் செலவு கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். அளவோடு மறுபடி எழுதுங்கள்.

பாளையங்கோட்டை: மொட்டை மாடியில் ஊஞ்சல் பலகை கறுத்துவிட்டது. பைக் கழுவும் தண்ணீர் கன் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து அடித்துவிடலாமா?

பைக்கைக் கழுவுங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் பட்டால் ரேகைக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற பாகம் பெயர்ந்துவிடும். பலகை உழுத வயல் மாதிரி ஆகும், உட்கார்ந்தால் வேட்டியில் சிராய் ஏறும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீர், நைலான் பிரஷ், ஒரு மணி நேர உழைப்பு போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துணுக்கு மரத்தில் தங்கினால் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளியாகும்.

உவரி: கடல் பார்த்த வீடு. ஜன்னல் சட்டத்தில் ஆணி, கொண்டி இருக்கிற இடமெல்லாம் மை கொட்டின மாதிரி வழிந்திருக்கிறது. தேய்த்தும் போகவில்லை.

போகாது. அது அழுக்கு இல்லை. மரத்தில் உள்ள துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை மாதிரி உள்ளே இறங்கிவிடும். ஆக்ஸாலிக் ஆசிட் வாங்குங்கள், கெமிக்கல் கடையில் உப்பு மாதிரி கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். கறையில் மட்டும் தடவாமல் சட்டம் முழுக்கத் தடவுங்கள். இருபது நிமிஷம் விட்டு நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவுங்கள். கறை போவதோடு மரமும் ஒரு சுற்று வெளுத்து நிறம் தெளியும்.

இது விஷம். கையுறை, கண்ணாடி கட்டாயம். காய்ந்த பொடியைத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இதை நான் எழுதுவது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது, இன்னும் எழுதுவேன். அப்புறம், பழைய ஆணியை எடுத்துவிட்டுப் பித்தளைத் திருகாணி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே கடிதம் வரும்.

மகாராஜநகர்: இரண்டு வருஷம் முன்னால் வாசல் கதவுக்கும் திண்ணைத் தூணுக்கும் பளபளவென்று வார்னிஷ் மூன்று கோட்டு அடித்தோம். இப்போது தூணில் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. இன்னும் நல்ல கம்பெனி வார்னிஷாகச் சொல்லுங்கள்.

கம்பெனி மேல் தப்பில்லை. பளபளப்பு மேல் நமக்கு இருக்கிற ஆசைதான் தப்பு. கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் கதவில் முகம் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறோம். வீட்டுக்குள் இருக்கிற பீரோவுக்கு அது சரி. தெருவில் நிற்கிற தூணுக்கு?

வார்னிஷ் மரத்துக்கு மேலே ஒரு தாள் மாதிரி நிற்பது. மரமோ ஐப்பசி கார்த்திகையில் ஊறி விரிகிறது, சித்திரையில் சுருங்குகிறது. தாளும் கூடவே எத்தனை நாள் விரிந்து சுருங்கும்? ஒரு நாள் மூட்டுப் பக்கம் மயிரிழை கீறல் விழும். அதற்குள் தண்ணீர் போகும், வெளியே வர வழியிருக்காது. போதாததற்கு நிறமில்லாத வார்னிஷ் வழியாக வெயில் நேரே உள்ளே போய், அடியில் இருக்கிற மரத்தை அங்கேயே நரைக்க வைக்கும். பிடிமானம் போனதும் வார்னிஷ் தோடு தோடாகக் கழலும். கழன்ற ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் சாம்பல் நார் ஒட்டியிருக்கும்.

எனக்கும் இந்தப் புத்தி வரக் கொஞ்ச நாள் ஆனது. தொழிலுக்கு வந்த புதிதில் பணகுடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு எட்டுத் தூண் செய்தேன். கடைக்காரர் சொன்னார் என்று நாலு கோட்டு வார்னிஷ். மேற்கு வெயில், அந்தக் காற்று, ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை. அடித்தது ஒரு வாரம், சுரண்டி எடுத்தது பதினாறு நாள், கூலி வாங்க மனசு வரவில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: உரிந்த இடத்தில் மட்டும் பூசாதீர்கள். முழுக்கச் சுரண்டுங்கள், 80, 120 உப்புத்தாள் போடுங்கள், காயவிடுங்கள். அப்புறம் மரத்துக்குள் இறங்குகிற ஆயில் ஸ்டெயின், நிறம் கலந்தது. வெயிலைத் தடுப்பது அந்த நிறப்பொடிதான். துணியில் தொட்டுத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் நிற்பதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுப்பாகி ரோட்டுத் தூசி முழுக்க அதில்தான் உட்காரும். முகம் தெரியாது, உண்மைதான். ஆனால் உரியாது. மேற்குப் பார்த்த தூணுக்கு வருஷம் ஒரு தடவை, நிழல் பக்கம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை, கழுவிவிட்டு ஒரு கை எண்ணெய் கொடுத்தால் போதும். சுரண்டுகிற வேலையே கிடையாது.

பளபளப்புதான் வேண்டும் என்றால் வேறு ஆசாரியைப் பாருங்கள்.

குற்றாலம் போகும் வழி: சாரல் நேரத்தில் ஸ்டெயின் அடிக்கலாமா?

வேண்டாம். உங்கள் பக்கம் மாசி, பங்குனிதான் தோது. கழுவிய மரம் வெயில் காலத்தில் ரெண்டு மூணு நாளில் காயும், மழை நாளில் ஒரு வாரம் ஆனாலும் ஆகும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்துக்குள் குடித்துவிட்டால் மரம் தயார். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது, அல்லது பழைய பூச்சு இருக்கிறது. அக்கினி வெயில் நேராகப் படும்போதும் அடிக்காதீர்கள், உள்ளே இறங்கும் முன்னே மேலே ஆடை கட்டிவிடும்.

திசையன்விளை: வேப்பெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. அதைத் தடவினால் என்ன?

தேங்காயெண்ணெய் தலைக்கு. ரெண்டுமே காயாத எண்ணெய், வருஷக்கணக்கில் பிசுக்காகவே நிற்கும். காய்ந்து இறுகுவது ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் என்று கேளுங்கள். முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன். மாட்டுத்தொழுவம், வேலிக்கால் மாதிரி அழகு தேவைப்படாத இடத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் கெட்டி. ஆனால் கறுத்துவிடும், கையில் பட்டால் புண்ணாக்கும். உட்காருகிற பெஞ்சுக்கு வேண்டாம்.

எந்த எண்ணெயாக இருந்தாலும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், தீக்குச்சியே வேண்டாம். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் போடுங்கள். இதுவும் நூறாவது தடவை.

சிந்துபூந்துறை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் வாசல் நிலை மூன்று நாள் தண்ணீரில் நின்றது. அடியில் ஓரடி இன்னும் கறுப்பு. ஸ்டெயின் மறைக்குமா?

மறைப்பது இருக்கட்டும். முதலில் ஒரு திருப்புளியை எடுத்து அடியில் குத்திப் பாருங்கள். முனை சறுக்கினால் வைரம், அதாவது கெட்டியான உள்மரம், நன்றாக இருக்கிறது, மேலே உவரிக்காரருக்குச் சொன்ன ஆசிட் வைத்தியமே போதும். அரை அங்குலம் இறங்கினால் மரம் மக்கிவிட்டது. அந்தத் துண்டை அறுத்து அதே மரத்தில் ஒட்டு வைக்க வேண்டும், எந்த ஸ்டெயினும் உதவாது. பக்கத்தில் மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தால் உளுப்பூச்சி, அதற்கு மருந்து முதலில். எப்படியானாலும் நிலையின் அடி முனைக்கு ரெண்டு மடங்கு எண்ணெய் கொடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான்.

ராதாபுரம்: முன்பக்கத் தாழ்வாரத்தில் பனங்கை (கூரை தாங்கும் பனைமரச் சட்டம்). தேய்த்து மினுக்கலாமா?

எலெக்ட்ரிக் சாண்டர் வேண்டாம், நார் கிளம்பி முள்ளாக நிற்கும். கையால், நார் போகிற திசையிலேயே, தடித்த கையுறை போட்டுக்கொண்டு. பாதிச் சாம்பல் ஒட்டடையும் அடுப்புப் புகையும்தான். ஈரத்துணியால் துடைத்தாலே கறுப்பு வைரம் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு கை லின்சீட்.

கடையம்: தோட்டத்துப் பெஞ்சின் சாம்பல் நிறமே எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடுங்கள், தேக்கு தாங்கும். வருஷம் ஒரு முறை பாசியை மட்டும் கழுவி, நாலு காலுக்கும் அடியில் கல் கொடுத்து மண்ணைவிட்டுத் தூக்கி வையுங்கள். கரையான் நிறம் பார்த்து ஏறுவதில்லை.