பதினாறு கையொப்பமும் ஒரு பொன் முத்திரையும்

கேள்வி: என் கணவர் 1990களில் மாணவராக நோர்வேயின் துரோன்ஹெய்முக்கு வந்தவர். இந்த ஊர்க் காற்பந்துக் கழகமான ரோசன்போர்க்கின் ஆட்டம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். அடுத்த மாதம் அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். 1996இல் இத்தாலியின் மிலான் அணியை வென்ற ஆட்டத்தில் அணிந்த சேட் என்று சொல்லி, பதினாறு கையொப்பங்களோடு ஒருவர் இணையத்தில் 8,500 குரோனருக்கு விற்கிறார். பொன் முத்திரை குத்திய உண்மைச் சான்றிதழும் தருகிறாராம். இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றிரவே காசைப் போடுங்கள் என்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இன்றிரவு காசைப் போடாதீர்கள், தங்கச்சி. நாளைக்கும் வேண்டாம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலில் கதை. 1996 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, சான் சீரோ மைதானம். மிலானுக்குச் சமநிலையே போதும். பயிற்றுநராகச் சாக்கி திரும்பி வந்த முதல் ஆட்டம் வேறு. ரோசன்போர்க்கின் பிரட்பக் ஒரு கோல் அடித்தார், மிலானின் டுகாரி அதைச் சமன் செய்தார், பிற்பாதியில் ஹெக்கம் அடித்த கோலோடு 2–1 என்று ரோசன்போர்க் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குப் போனது. உங்கள் கணவர் இதைத் தூக்கத்திலும் சொல்வார். ஆனால் அன்றைக்கு உடம்பில் இருந்த சேட் எங்கே போயிருக்கும் என்று யோசியுங்கள். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்காரரோடு மாற்றிக்கொண்டிருந்தால் அது இத்தாலியில் யாருடைய அலுமாரியிலோ இருக்கும். மாற்றவில்லையென்றால் போட்டவரே பத்திரமாக வைத்திருப்பார். வியர்வையில் நனைந்த சேட்டைத் தூக்கிக்கொண்டு பதினைந்து தோழர்களிடம் கையொப்பம் கேட்டு அலைந்தார் என்பதை நான் நம்பத் தயாரில்லை. எல்லோரும் கையொப்பமிடும் சேட் பெரும்பாலும் புதுச் சேட்தான். உடைமாற்றும் அறை மேசையில் விரித்து வைப்பார்கள், வருகிறவர் போகிறவர் எல்லாம் போட்டுவிட்டுப் போவார்கள். அணிந்த சேட் ஒரு இனம், குழுக் கையொப்பச் சேட் வேறு இனம். இரண்டும் ஒன்றே என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டு விலையையும் சேர்த்து வாங்கப் பார்க்கிறார்.

இரண்டாவது, விளம்பரங்கள். நோர்வே லீக் சேட்டைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சு, முதுகு, கை என்று கல்யாண வீட்டு வாழ்த்து மடல் மாதிரி நிறைய நிறுவனப் பெயர்கள் இருக்கும். ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்களை நடத்தும் யூஃபா இத்தனைக்கு இடம் கொடுப்பதில்லை. அங்கே போகும்போது சேட் துப்புரவாகிவிடும். உங்கள் படத்தில் இருப்பது கைநிறைய விளம்பரத்தோடு உள்ளூர் லீக்கில் போடும் சேட். மிலானுக்கு அது போகவில்லை.

மூன்றாவது, பெயர்கள். இடது தோளுக்குக் கீழே ஜோன் கேரியூ என்று வாசிக்க முடிகிறது. 1996 டிசெம்பரில் அந்தப் பிள்ளைக்குப் பதினேழு வயது. ரோசன்போர்க்குக்கு அவர் வந்தது 1999இல், அடுத்த வருடமே வலென்சியாவுக்குப் போய்விட்டார். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ருஷ்ஃபெல்ட் 1997இல்தான் வந்து சேர்ந்தவர். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து வாங்கியிருக்கலாமே என்று விற்பவர் சொல்வார். சொல்லட்டும். அப்படியென்றால் அவர் முதலில் சொன்ன மிலான் கதை பொய். ஒரு பொய்க்கு 8,500 குரோனர் கொடுத்து இன்னொரு கதையைக் கேட்பானேன்?

இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் இருந்து செய்யலாம், பூதக்கண்ணாடி தேவையில்லை. எந்த ஆண்டுச் சேட் என்கிறார்களோ அந்த ஆண்டு அணிப் பட்டியலை எடுத்துப் பெயர்களை ஒத்துப் பாருங்கள். பயிற்றுநரையும் விடாதீர்கள். ரோசன்போர்க்கை நெடுநாள் பயிற்றுவித்த நீல்ஸ் ஆர்னே எக்கென் 1998இல் பொறுப்பில் இருக்கவில்லை, அந்த வருடம் துரொண்ட் சொல்லீட்தான். 2022 ஜனவரியில் எக்கென் மறைந்தார். அவர் கையெழுத்தின் மேல் எல்லோருக்கும் ஆசை. ஆசை கூடுகிற இடத்தில் பேனையும் கூடும்.

இனிச் சான்றிதழுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. பொன் முத்திரை, மின்னும் ஒட்டி, வரிசை எண், கீழே ஆங்கிலத்தில் ஒரு பெரிய நிறுவனப் பெயர். இவை எல்லாவற்றையும் எந்த அச்சகத்திலும் அரை மணித்தியாலத்தில் செய்யலாம். சான்றிதழ் கொடுப்பதற்கு நோர்வேயில் யாரும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. சேட்டை விற்பவரே சான்றிதழையும் எழுதினால், மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளையே நற்சாட்சி சொன்ன கதைதான். ஒருமுறை நானும் ஏமாந்தேன், வெட்கத்தோடு சொல்கிறேன். ஒட்டியில் இருந்த எண்ணை இணையத்தில் தட்டிப் பார்த்தேன், ‘உண்மையானது’ என்று பச்சையில் வந்தது. அந்தத் தளமே விற்றவருடையது என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அப்போது தளமும் இல்லை, ஆளும் இல்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சான்றிதழை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சேட்டை மட்டும் பார்ப்பேன்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கழகம் தானே தொண்டு ஏலத்துக்கோ, ஒரு பள்ளிக்கூடத்துக்கோ, ஓய்வுபெறும் ஊழியருக்கோ கொடுத்த சேட். அதோடு கழகத்தின் கடிதம் ஒன்று இருக்கும். அந்தக் கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது, ஆனால் எல்லாக் கடிதத்துக்கும் இல்லை. யாருக்குக் கொடுத்தது, என்ன காரணத்துக்கு, எந்தத் திகதி, எந்தப் பருவத்துச் சேட் என்று எழுதியிருக்க வேண்டும். கையொப்பமிட்டவர்களின் பெயர்களும் இருந்தால் நல்லது. ‘இத்துடன் ஒரு சேட்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் எந்தச் சேட்டோடும் ஒட்டும். கடிதம் உண்மை, சேட் வேறு என்ற கூத்தையும் பார்த்திருக்கிறேன். நல்ல சேட்டை ஒருவருக்கு விற்றுவிட்டு, கடிதத்தை இன்னொரு சேட்டோடு சேர்த்து இரண்டாவது ஆளுக்கு விற்பார்கள். அதனால் கொடுத்த அன்று எடுத்த படம் கேளுங்கள். அந்தப் படத்தில் ஒரு கையொப்பம் விளம்பர எழுத்தின் மேல் எந்த இடத்தில் ஏறி நிற்கிறது என்று பார்த்து, சேட்டிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமிருந்து விற்பவர் கைக்கு எப்படி வந்தது என்றும் கேளுங்கள். செத்துப்போன மாமா என்பார்கள். எல்லா மாமாக்களும் செத்துத்தான் போயிருக்கிறார்கள். கழகத்திடமே கேட்டு உறுதி செய்யலாம் என்று நினைத்தால், இருபது முப்பது வருடத்துக்கு முந்திய சேட்டைப் பற்றி யாரிடம் கேட்பது? வாங்கிய ஒவ்வொரு மஞ்சள் அட்டைக்கும் கணக்கு இருக்கிற விளையாட்டு இது. கையொப்பமிட்டுக் கொடுத்த சேட்டுக்கு ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில்கூடக் கணக்கு வைக்கிற வழக்கம் இல்லை. அந்த ஓட்டைக்குள்தான் இந்த வியாபாரிகள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேட்டின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மார்க்கரால் எழுதினால் மை நூலுக்குள் கொஞ்சம் கசிந்து நிற்கும். துணி இழுபடுவதால் கோடு அங்கங்கே தள்ளாடும். தொழிற்சாலையில் அச்சடித்த கையொப்பம் ஒரே தடிப்பில் மேலே உட்கார்ந்திருக்கும். அப்படி அச்சடித்து விற்பது குற்றமல்ல, அதை எழுதியது என்று விற்பதுதான் குற்றம். எல்லாம் ஒரே பேனையில் இருக்கிறதே என்று பயந்து நல்ல சேட்டைத் தவற விட்டவர்களும் உண்டு. மேசையில் ஒரு பேனைதான் கிடக்கும், அதைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். ஒரே பேனை பரவாயில்லை, ஒரே கைதான் ஆபத்து. உங்கள் படத்தில் பதினாறும் ஒரே சாய்வில், ஒன்றோடொன்று முட்டாமல், வகுப்பறையில் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன.

காசு விடயத்தில் இங்கே சட்டம் இரண்டு விதம். கடைக்காரரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. பொருள் சொன்னபடி இல்லை என்று நீங்கள்தான் எழுதி மல்லுக்கட்ட வேண்டும். இது தெரிந்துதான் மாதம் பத்துச் சேட் விற்கிறவரும் கட்டிலில் விரித்துப் படமெடுத்து, வீட்டைத் துப்புரவாக்கும்போது கிடைத்தது என்று போடுகிறார். பொலிசுக்குப் போகலாம். போனவர்கள் பலர் எனக்குக் காட்டியது, வழக்கை முடித்துவிட்டோம் என்ற ஒரே மாதிரிக் கடிதத்தைத்தான். அந்தக் கடிதத்தில் போலி எதுவும் இல்லை, அது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மைச் சான்றிதழ்.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: “1996இல் கேரியூ எந்த அணியில் இருந்தார்?” பதிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள்.

பிறந்தநாளுக்கு என் யோசனை வேறு. கழகத்தின் கடையில் வெள்ளைச் சேட் ஒன்றைப் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். பதினாறு பேர் வேண்டாம், அந்த இரவின் இரண்டு கோல்காரர்கள் போதும். ஹெக்கம் ஓர்க்லா ஆற்றங்கரையில் சால்மன் மீன்பிடி விடுதி நடத்தப் போனவர். பிரட்பக் பந்தை விட்டுவிட்டு விமானம் ஓட்டப் போனார். பழைய வீரர்களை அழைக்கும் நிகழ்வுகள் கழகத்தின் மைதானமான லெர்கெண்டாலில் எப்போது நடக்கின்றன என்று கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சேட்டையும் ஒரு கறுப்பு மார்க்கரையும் கணவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், எழுதும்போது நீங்கள் படம் எடுங்கள். ஒரு மாதத்துக்குள் முடியாமல் போகலாம், வெறும் சேட்டாகவே பரிசு கொடுத்தாலும் அவருக்குப் புரியும். விமானத்தில் பிரட்பக்கின் பெயரைக் கேட்டதும் எழுந்து போய் விமானி அறைக் கதவைத் தட்ட மட்டும் விடாதீர்கள்.

கையொப்பம் விழுந்த பிறகு அந்தச் சேட்டைத் தோய்க்கக் கூடாது, வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. போட்டுக்கொண்டு ஆட்டத்துக்குப் போகப் பார்ப்பார், அதற்கு வேறொன்று வாங்கிக் கொடுங்கள்.