அந்தப் பெயரைக் காகிதத்தில் ஏற்றலாமா?

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். எதைக் கேட்டாலும் வாயால் சரியாகப் பதில் சொல்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு வரிக்கே திணறுகிறான். வாசிப்பதில் சிக்கல் தரும் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், பரிசோதித்துச் சான்றிதழ் வாங்குங்கள் என்கிறது பள்ளி. “காகிதத்தில் ஏற்றினால் அந்தப் பெயர் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும்” என்று கணவர் மறுக்கிறார். மாமியாரோ, “இவன் அப்பனும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தான், தானாகச் சரியாகிவிடும்” என்கிறார். நான் என்ன செய்வது? மகனிடம் இதைச் சொல்லலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் எழுதவில்லை என்றாலும் கேட்கிறேன்: மக்கு, சோம்பேறி, கவனமில்லாதவன் என்றெல்லாம் உங்கள் மகனை இதற்குள் யாராவது அழைத்திருப்பார்களே? அந்தப் பெயர்களுக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. டிஸ்லெக்சியா என்ற பெயராவது அவன் மீது பழி போடாமல் காரணத்தைச் சொல்கிறது.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே இருந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியும் ஏறக்குறைய அதுதான். மார்கன் இதைச் ‘சொற்குருடு’ என்றார். ஆனால் கோளாறு கண்ணில் இல்லை, அறிவிலும் இல்லை. ஒலியையும் எழுத்தையும் சட்டென்று இணைப்பதில்தான் சிக்கல். ஆகவே கண் பயிற்சி கொடுத்தால் குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது, அவன் வீட்டில் தமிழ் பேசுவதையும் பள்ளியில் எந்தெந்த மொழிகளைப் படிக்கிறான் என்பதையும் விவரமாகச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். கன்னடம் தடுமாறினால் அது புதிய மொழி என்பதாலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. அங்கே தடுமாறாத பிள்ளையே குறைவு. எல்லா மொழியிலும் ஒரே வகைத் திணறல் இருக்கிறதா என்று பார்ப்பவர்தான் சரியாகச் சொல்ல முடியும். மனநலம், நரம்பியல் துறைகளுக்கான நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைத் தொகுப்பையே உருவாக்கிய நிறுவனம் அது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். சொல்வதை எழுத ஆளும் வைத்துக்கொள்ளலாம். மாநிலப் பாடத்திட்டத்திலும் சலுகைகள் உண்டு, பள்ளியில் கேளுங்கள். சான்றிதழைத் தேவைப்படும் இடத்தில் காட்டினால் போதும். கல்யாண வீட்டில் விசாரிக்கும் அத்தைகளிடம் நீட்ட வேண்டியதில்லை.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அதை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் அதுதான். டிஸ்லெக்சியா பெரும்பாலும் குடும்பத்தில் வருவது. ‘தானாகச் சரியாகிவிடும்’ என்பது மட்டும் தவறு. பெரும்பாலானவர்கள் சமாளிக்கப் பழகிக்கொள்கிறார்கள், அவ்வளவே. வகுப்பில் சத்தமாக வாசிக்கத் தன் முறை வந்தபோது வயிற்றைப் பிசைந்த நாட்கள் உங்கள் கணவருக்கும் இருந்திருக்கலாம். ஒட்டிக்கொள்ளும் பெயர்களைப் பற்றி அவர் இவ்வளவு பயப்படுவது அதனால்கூட இருக்கலாம். வாதாடாதீர்கள். “உங்களை அப்போது என்னவென்று கூப்பிட்டார்கள்?” என்று மட்டும் ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள்.

மகனிடம் சொல்லலாமா என்றால், கண்டிப்பாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் கிசுகிசுத்தால், தன்னிடம் ஏதோ பயங்கரமான கோளாறு என்றுதான் பிள்ளை நினைப்பான். “உனக்கு வாசிப்பது மற்றவர்களைவிடக் கஷ்டம், அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், அதற்கென்றே சொல்லித்தரும் முறை இருக்கிறது” என்றால் போதும். முடிந்தால் இதை அவன் அப்பாவே சொல்லட்டும். பரிசோதனைக்கும் அவரை அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அங்கே கேட்பார்கள்.