கூட்டத்துக்கு வரும் பெற்றோர் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவ எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறோம். ஆனால் பெற்றோர் ஒத்துழைப்பதில்லை. கடிதம் அனுப்பினால் பதில் வராது. கூட்டத்துக்கு வந்தாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளாக இதே மாதிரி ஒரு குழுவிலும் இருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை எங்கள் குழுவின் குறிப்பேட்டில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ‘கடிதத்துக்குப் பதில் இல்லை’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்றும் எழுதினேன். அந்த இரண்டாவது வரியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அது ஏன் என்று சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். மூன்றாம் வகுப்பு வரை பரவாயில்லை என்று ஓடிக்கொண்டிருந்தவன், நான்காவதில் எல்லாப் பாடத்திலும் சரிந்தான். வகுப்பில் ஓயாத பேச்சு, பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவது, எழுதச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போவது. ‘கெட்டிக்காரன்தான், ஆனால் சோம்பேறி’ என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அப்புறம் பையனிடமே சொல்லியனுப்பி அவன் அம்மாவை வரவழைத்தோம்.

அந்தக் கூட்டம் நடந்த அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் தலைமையாசிரியர், வகுப்பு ஆசிரியை, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், ஆலோசகர், நான் என்று ஐந்து பேர். அந்தப் பக்கம் அவர் ஒருவர் மட்டும், நாற்காலியின் நுனியில். மார்க் பட்டியலை வாசித்தோம், அவன் செய்யும் சேட்டைகளைச் சொன்னோம், வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவையுங்கள் என்றோம். எல்லாவற்றுக்கும் ‘சரிங்க டீச்சர்’ என்றார். இருபது நிமிடத்தில் அவர் பேசியது மொத்தமும் அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வேறு ஒரு விஷயத்துக்காக அவருக்குப் போன் செய்தேன். அறிவியல் வகுப்பில் பையன் ஒரு கேள்விக்கு அருமையாகப் பதில் சொல்லியிருந்தான், அதைச் சொல்லலாம் என்று தோன்றியது. கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. “அவனுக்குக் காதால கேட்டா போதும் டீச்சர். அக்கா ஒரு தடவை பாடத்தை வாசிச்சா அப்படியே ஒப்பிச்சிடுவான். புத்தகத்தைப் பார்க்கவே மாட்டான்” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. பையனுக்கு வாசிக்கவே வரவில்லை. மூன்றாம் வகுப்பு வரை பாடங்கள் சிறியவை, கேட்டு மனப்பாடம் செய்து சமாளித்துவிட்டான். நான்காவதில் பாடம் நீண்டது, அக்காவுக்கு நேரமில்லை, அவனால் ஒளித்துவைக்க முடியவில்லை. சேட்டையும் தண்ணீர்த் தாகமும் வாசிப்பிலிருந்து தப்பிக்கும் வழிகள். ஐந்து ஆசிரியர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அது எங்களுக்குத் தேவைப்படும் தகவல் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த முறை அப்பாவும் வந்தார். வெகுநேரம் கழித்து, “நானும் இப்படித்தான் இருந்தேன், எழுத்து எல்லாம் கலங்கும், எட்டாவதோட நின்னுட்டேன்” என்றார். டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கல்கள் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை, ஆகவே அவர் சொன்னது எங்களுக்கு மிக முக்கியமான குறிப்பு. கூடவே இன்னொன்றும் புரிந்தது. நாங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களையும் பையன் அவரிடம்தான் கொடுத்திருக்கிறான். அவரால் அவற்றை வாசிக்க முடியவில்லை, அதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. அந்த மனிதரைத்தான் அக்கறை இல்லாதவர் என்று எழுதிவைத்திருந்தேன்.

எனவே உங்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். ‘ஒத்துழைப்பதில்லை’ என்ற சொல்லைக் குழுவின் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். பெற்றோர் நம்மிடம் இல்லாத பாதித் தகவலோடு வருகிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உட்காரவைத்தால், அந்தப் பாதி அவர்களோடே திரும்பிப் போய்விடும்.

இது புதிய யோசனை அல்ல. ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர், யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையத்திலிருந்து 1968இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு ஆரம்பப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். ஆசிரியர்களும் பெற்றோரும் மற்ற பணியாளர்களும் ஒரே குழுவாக உட்கார்ந்து பள்ளியின் பிரச்சினைகளைப் பேசும்படி செய்தார். அவர் வைத்த விதிகளில் ஒன்று, யார் மீதும் பழி போடக் கூடாது என்பது. யாரால் வந்தது என்று தேடாமல் என்ன செய்யலாம் என்று மட்டும் பேச வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் நம் வாயை அடக்குவதுதான் இதில் கடினமான வேலை. ‘வீட்டில் யாரும் பார்ப்பதில்லையா?’ என்ற கேள்விகூடப் பழிதான்.

எங்கள் குழு பிறகு சில பழக்கங்களை மாற்றிக்கொண்டது. குழுவில் எத்தனை பேர் இருந்தாலும் கூட்டத்துக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர்தான் வருவோம். மேசைக்கு எதிரெதிரே உட்காருவதில்லை. முதல் பத்து நிமிடம் பெற்றோர் பேச வேண்டும், நாங்கள் கேட்க வேண்டும். பிள்ளைக்கு எதில் ஆசை, எந்த நேரத்தில் எரிச்சல் வருகிறது, வீட்டுப்பாடத்தில் எந்த இடத்தில் அழுகை தொடங்குகிறது என்று கேட்போம். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் எத்தனையோ முறை எங்களுக்கு வழி காட்டியிருக்கிறது. நாங்கள் பேசும்போது ‘கவனம் இல்லை’, ‘ஆர்வம் இல்லை’ என்று சொல்லாமல், அவன் எழுதிய நோட்டை விரித்துக் காட்டுகிறோம். எத்தனை நாள் வரவில்லை, எந்தப் பாடவேளையில் சிக்கல் என்று கண்ணால் பார்த்ததைச் சொல்கிறோம். பெற்றோருக்கு நம் மொழி வராது என்றால் பெரியவர் ஒருவரை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன் குறையைத் தானே அம்மாவிடம் சொல்ல வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாம் கூட்டத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் அன்று மாலை வீட்டில் அடியாக விழலாம். எனக்குத் தெரிந்தே அப்படி நடந்திருக்கிறது. அதனால் எழுந்திருக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன்: “இதை அவனிடம் எப்படிச் சொல்லப்போறீங்க?” சிலர் “தோலை உரிச்சிடுவேன்” என்பார்கள். அப்போது இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பத்து நிமிடத்தைவிட முக்கியமான வேலை அன்றைக்கு எனக்கு வேறு இல்லை.

அந்தப் பையனுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சிறப்பாசிரியர் வாரம் மூன்று நாள் எழுத்து-ஒலி பயிற்சி கொடுத்தார். வகுப்பில் முன்கூட்டிச் சொல்லாமல் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை என்று முடிவுசெய்தோம். சில பாடங்களில் வாய்மொழியாகப் பதில் சொல்ல விட்டோம். வீட்டுக்கு முதலில் பயிற்சித் தாள்கள் கொடுத்தனுப்பினோம், அது தவறாகப் போயிற்று. “தினமும் ராத்திரி சண்டைதான் டீச்சர்” என்றார் அம்மா. உடனே நிறுத்தினோம். அதற்குப் பதிலாக, அக்காவும் அவனும் ஒரே பக்கத்தைப் பத்து நிமிடம் சேர்ந்து வாசிப்பது, அவன் தடுக்கினால் அவள் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடர்வது. அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு வேலை, அதுவும் அந்த வீட்டால் முடிகிற வேலை. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு நிமிடப் போன். ஆறு வாரத்தில் மறுபடி உட்காருவது என்று தேதியையும் அப்போதே குறித்தோம்.

ஆறு வாரத்தில் அவன் வகுப்போடு சேர்ந்துவிடவில்லை. இன்னும் மெதுவாகத்தான் வாசித்தான். ஆனால் தண்ணீர் குடிக்கப் போவது நின்றது. ஒருநாள் அக்காவிடம், “நீ சொல்லாத, நானே வாசிக்கிறேன்” என்றானாம். அதைச் சொல்ல அம்மா தானாகவே எனக்குப் போன் செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமைப் போனைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். மேத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தேர்ச்சி பெறாத உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான கோடை வகுப்பு ஒன்றில் இதைச் சோதித்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆசிரியர் வாரம் ஒருமுறை ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுப்பார், அது பெற்றோருக்குப் போகும். அது போகாத குடும்பங்களோடு ஒப்பிட்டால், போன குடும்பங்களின் பிள்ளைகளில் தேர்ச்சி பெறாமல் போனவர்கள் 41 சதவீதம் குறைவு. அடுத்து எதை மேம்படுத்த வேண்டும் என்று குறிப்பாகச் சொன்ன வாக்கியங்கள், வெறும் பாராட்டைவிட அதிகம் பலன் தந்ததாகத் தெரிந்தது. என் அனுபவமும் இதுதான். நல்லதைச் சொல்லிக் கதவைத் திறக்கலாம். ஆனால் ‘நன்றாகப் படிக்கிறான்’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு அம்மா என்ன செய்வார்? ‘இந்த வாரம் நீளமான சொற்களில் தடுக்குகிறான், வாசிக்கும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக விடுங்கள்’ என்றால் அவர் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது.

சரி, தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள். கூட்டத்திலேயே அவர்களைப் பேசவைத்தாக வேண்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளி அறைக்குள் நுழைந்ததுமே பலருக்குத் தங்கள் சிறுவயதுப் பயம் திரும்பிவிடுகிறது. இரண்டு நாள் விடுங்கள். குழுவில் அந்தக் குடும்பத்துக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், எப்போதும் அவரே பேசட்டும். அவர்களுக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டுக்கொண்டு போன் செய்யச் சொல்லுங்கள். பிள்ளையைப் பற்றி உண்மையான ஒரு நல்ல விஷயத்தில் தொடங்கி, “வீட்டுல அவன் எப்படிப் படிக்கிறான்னு கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அந்த அமைதி சங்கடமாகத்தான் இருக்கும். நடுவில் புகுந்து பேசிவிடாமல் காத்திருந்தால், பெரும்பாலும் அவர்கள் சொல்லத் தொடங்குவார்கள்.