மத்தி வருகிறது, போகிறது: கரையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நாகை மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு ஃபைபர் படகுக்காரர் கேட்கிறார்: "ஒரு வருஷம் மத்தி கூடை கூடையாகக் கிடைக்கிறது, அடுத்த வருஷம் டீசல் காசுக்கே திண்டாட்டம். கடல் சூடாகிவிட்டது என்கிறார்கள். பக்கத்து மாநிலம், பக்கத்து நாடு எல்லாம் சேர்ந்தால்தான் தீர்வு என்றும் சொல்கிறார்கள். அது அரசாங்கங்கள் பேசிக்கொள்வது. எங்கள் சங்கம் என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும் ஐயா. அதற்கு முன் மத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பேச்சாளை என்றும் சொல்வீர்கள். இதற்கு ஆயுள் மிஞ்சிப்போனால் இரண்டரை, மூன்று வருடம். ஒரு பருவம் முட்டையும் குஞ்சும் தவறினாலே அடுத்த வருட வலையில் அது தெரிந்துவிடும். மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று கடலடியின் குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே இழுத்து வரும். அந்த நீரில் நுண்பாசி பெருகும், அதைத் தின்று மத்தி பெருகும். நீரின் சூடும் காற்றின் பலமும் மாறினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

1980-களின் நடுப்பகுதி வரை மத்தி பெரும்பாலும் மலபார் கரையின் மீன்தான். அதன் பிறகு வடக்கே பரவியது, நம் கிழக்குக் கரைக்கும் வந்தது. கடல் சூடாவதும் இதற்கு ஒரு காரணம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சரி, நமக்கு வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. வந்த மீன் போகவும் செய்யும். கேரளத்தில் 2012-இல் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்தது. 2021-இல் வந்தது வெறும் 3,297 டன். நூறில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த வருடமே மறுபடி ஏறியது. இப்படி ஆடுகிற மீனை நம்பி, நல்ல வருடத்தில் கடன் வாங்கிப் பெரிய வலை போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வட்டி மட்டும் மீன் மாதிரி ஏறி இறங்காது.

இப்போது சேர்ந்து செய்வதற்கு வருவோம். வட அட்லாண்டிக்கில் நம் கானாங்கெளுத்திக்கு உறவான மீன் ஒன்று உண்டு. 2007 வாக்கில் அது வடமேற்கே நகர்ந்து ஐஸ்லாந்துக் கடலில் பெருகியது. "எங்கள் கடலில் இருக்கிறது, எங்கள் மீன்" என்றது ஐஸ்லாந்து. பழைய பங்கை விட்டுத்தர மற்றவர்கள் தயாராக இல்லை. ஆளுக்கொரு அளவு வைத்துப் பிடித்ததில் மொத்தம் விஞ்ஞானிகள் சொன்ன வரம்பைத் தாண்டியது. 2019-இல் அளவோடு பிடிக்கப்படுகிறது என்று அந்த மீனுக்கு இருந்த சர்வதேசச் சான்றிதழும் நிறுத்திவைக்கப்பட்டது. அறிவியலும் பணமும் குறைவில்லாத நாடுகள் அவை. பேசி முடிக்காததுதான் குறை.

நம்மிடம் எல்லை இன்னும் நெருக்கம். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலச் சட்டம், அதற்கு அப்பால் மத்திய அரசு. உங்கள் கரையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் காரைக்கால், அங்கே புதுச்சேரி அரசு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே மாவட்டத்துக்குள் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீனுக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது.

ஆகவே பெரிய ஒப்பந்தத்துக்குக் காத்திருக்காமல் குஞ்சு மீனில் தொடங்குங்கள். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை உண்டு. முதல் முட்டை வைக்கும்போது மத்தி 15 செ.மீ. அளவில் இருக்கும். அப்படிப் பார்த்தால் 10 என்பதே தாராளமான வரம்பு. விரல் நீளப் பொடிமீன் மீன்மாவு ஆலைக்கு அடிமாட்டு விலைக்குத்தான் போகிறது. அதையே நாலைந்து மாதம் கடலில் விட்டிருந்தால் குழம்புக்குப் போகும். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் வடக்கே, தெற்கே உள்ள நாலைந்து ஊர்களும் காரைக்கால் பக்கத்து ஊர்களும் உட்கார்ந்து ஒரே அளவைப் பேசி முடிவு செய்யலாம். ஓர் ஊர் மட்டும் கட்டுப்பட்டால், விட்ட குஞ்சை அடுத்த ஊர்க்காரர் அள்ளுவார். அப்புறம் உங்கள் ஊரிலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

இலங்கையோடு பேசுவது இதைவிடக் கடினம். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை அங்கே 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். வடக்கு மாகாணத் தமிழ் மீனவர்களின் வலை நம் இழுவைப் படகுகளால் அறுபடும் வரை, சேர்ந்து மீன்வளம் காப்போம் என்று நாம் சொன்னால் அவர்கள் எப்படி நம்புவார்கள்? இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் உறுப்பினராக உள்ள வங்காள விரிகுடாத் திட்ட அமைப்பு, மீன்வளத்துக்கான அரசுகளின் கூட்டமைப்பு, 2003 முதல் இயங்குகிறது. அதன் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. சிறு படகுக்காரர்களின் சங்கங்கள் அங்கே நேரில் போய்த் தங்கள் கணக்கை வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கணக்கு என்றேன். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், மொத்தம் எத்தனை கிலோ என்று எழுதுங்கள். பிறகு கூடையில் கையைவிட்டு, பொறுக்காமல் ஐம்பது மத்தியை எடுங்கள். பலகையில் ஒட்டிய அளவுகோலில் வாய் நுனி முதல் வால் நுனி வரை அளந்து எழுதுங்கள். ஐந்தாறு மீனின் வயிற்றைக் கீறி, சினை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூட அரைமணி நேரத்தில் செய்துவிடும். மாதம் ஒருமுறை அதன் நகலை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் சென்னை அல்லது மண்டபம் மையத்துக்கு அனுப்புங்கள். காரைக்கால் ஊர்களையும் இதே போல எழுதச் சொல்லுங்கள். ஏலத்துக்கு முன்னால் அளந்துவிடுவது முக்கியம். ஏலம் முடிந்தால் பெரிய மீன் தனியாகப் போய்விடும், மீதியை அளந்தால் கணக்கு தப்பாகும்.