புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: வீட்டில் மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல், மாலி, டெட்ரா, ஒரு சக்கர் மீன் வளர்க்கிறோம். மழைக்காலத்தில் புதிதாக நான்கு மாலி வாங்கி விட்டோம். சில நாளில் எல்லா மீன்களின் வாலிலும் துடுப்பிலும் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் தந்த நீல மருந்தை விட்டதும் இரண்டே நாளில் மறைந்தன, நிறுத்திவிட்டோம். நான்கைந்து நாள் கழித்து முன்பைவிட அதிகமாக வந்துவிட்டது. இரண்டு மீன் இறந்துவிட்டன. தொட்டியைக் காலிசெய்து கழுவிவிடலாமா? கல் உப்பு போடச் சொல்கிறார்கள், எவ்வளவு போடுவது? (வாசகி, அம்பத்தூர்)

தொட்டியைக் கழுவ வேண்டாம். மீதி மீன்களைக் காப்பாற்ற இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெள்ளைப் புள்ளி நோய். மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணியால் வருகிறது.

இரண்டாம் நாள் புள்ளிகள் மறைந்ததை மருந்தின் பலன் என்று எடுத்துக்கொண்டீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், அங்கேதான் மீன்கள் கைவிட்டுப் போகின்றன. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, தின்று பெருத்த ஓர் ஒட்டுண்ணி. ஒரு மில்லிமீட்டர் வரை வளரும். வளர்ந்து முடிந்ததும் மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தானாகவே மீனை விட்டு வெளியே வந்துவிடும். சரளைக் கல், செடியின் இலை, கண்ணாடி என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றிலும் ஓர் உறை கட்டிக்கொள்ளும். உள்ளே இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பிரிந்துகொண்டே போய், ஒரே உறையிலிருந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல் இளசுகள் நீந்தி வெளிவரும். இந்த இளசுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும்.

தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் நாம் தண்ணீரில் விடும் மருந்து பெரும்பாலும் தொடுவதில்லை. நீந்தித் திரியும் இளசுகளைத்தான் அது கொல்கிறது. உங்கள் மீன்கள் சுத்தமாகத் தெரிந்த அந்த நாட்களில் ஒட்டுண்ணி சரளையில் பெருகிக்கொண்டிருந்தது. மருந்து தண்ணீரில் இருந்தே ஆகவேண்டிய நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள். புள்ளி உள்ள மீனை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுவதிலும் பயனில்லை. வைத்தியம் தொட்டி முழுவதற்கும்தான்.

முதலில் காற்று. இந்த ஒட்டுண்ணி செவுளையும் தாக்கும், சில மீன்களுக்கு உடம்பில் புள்ளி தெரிவதற்கு முன்பே செவுள் புண்ணாகியிருக்கும். மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீனுக்கு அதுதான் காரணம். இருக்கும் ஏர் பம்போடு இன்னொன்றையும் சேர்த்து, இரவு பகலாக ஓட விடுங்கள். மின்சாரம் அடிக்கடி போகிற பகுதி என்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கிவைப்பது நல்லது.

அடுத்தது சூடு. தண்ணீர் 25 டிகிரியைச் சுற்றி இருந்தால் இந்த ஒட்டுண்ணியின் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடியும், 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும். சூடு ஏற ஏற அது வேகமாக மீனை விட்டு வெளியே வரும், மருந்துக்கும் வேகமாக அகப்படும். 30 டிகிரியில் அதன் பெருக்கமே தடைபடும். ஹீட்டர் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக 30க்குக் கொண்டுபோங்கள். உங்களிடம் உள்ள மீன்கள் இதைத் தாங்கும். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இவ்வளவு ஏற்ற வேண்டாம். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30இல் ஏழரை மில்லிகிராம்தான் பிடிக்கும். செவுள் கெட்ட மீனுக்கு இந்த வித்தியாசம் பெரிது, அதனால்தான் காற்றை முதலில் சொன்னேன். சூட்டைத் தாங்கும் ஒட்டுண்ணி வகைகளும் உண்டு என்பதால் சூட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

இப்போது உப்பு. லிட்டருக்கு 2 கிராம் போடுங்கள். சாதாரணக் கல் உப்பு போதும், அயோடின் கலந்ததாக இருந்தாலும் இந்த அளவில் கெடுதல் இல்லை. தொட்டியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொன்னபடி எடுத்துக்கொள்ளாமல் நீங்களே அளந்து பாருங்கள். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றால் மூன்றே முக்கால் கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 106 லிட்டர். சரளைக்கும் மேலே விட்ட இடைவெளிக்கும் கழித்தால் சுமார் 90 லிட்டர். அப்படியானால் 180 கிராம் உப்பு. சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, ஒவ்வொரு பங்கையும் ஒரு குவளை தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஒன்றரை நாளுக்குள் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கல்லாக அப்படியே போட்டால் அடியில் மேயும் சக்கர் மீனுக்கு எரிச்சல். மாலிக்கு உப்பு பிடிக்கும். டெட்ராவும் சக்கரும் ஒடுங்குகின்றனவா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். மென்மையான செடிகள் சில வாடலாம்.

ஒரு விஷயம் பலருக்கும் தவறிப்போகிறது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உப்பு குறையாது. அந்தக் குறைவுக்கு வெறும் தண்ணீரே ஊற்ற வேண்டும். நீங்களாக 20 லிட்டர் எடுத்து மாற்றும்போது மட்டும் 40 கிராம் உப்பைச் சேர்க்க வேண்டும்.

தினமும் சைஃபன் குழாயைச் சரளைக்குள் விட்டு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் உறைகளில் கணிசமானவை அதோடு போய்விடும். இந்த ஒரு வேலையைச் சோம்பாமல் செய்கிறவர்களின் தொட்டிதான் சீக்கிரம் தேறுகிறது. புதுத் தண்ணீர் குளோரின் நீங்கியதாகவும் தொட்டியின் அதே சூட்டிலும் இருக்கட்டும்.

நான்கு நாளாகியும் குறையவில்லை, அல்லது மூச்சுத் திணறல் கூடுகிறது என்றால் மருந்துக்குப் போகலாம். நீல மருந்து அநேகமாக மெத்திலின் ப்ளூ. அது ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும், அம்மோனியா ஏறும், ஏற்கனவே வாடிய மீன் அதிலேயே போய்விடும். மெயின் தொட்டியில் அதை விடுவதை நான் விரும்புவதில்லை. மலக்கைட் கிரீனும் ஃபார்மலினும் சேர்ந்த வெள்ளைப் புள்ளி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். டெட்ராவும் சக்கரும் இருப்பதால் லேபிளில் உள்ள அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஃபார்மலினும் ஆக்சிஜனைக் குறைக்கும், ஆகவே சூட்டை 28க்கு இறக்கிய பிறகு மருந்தை விடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். மலக்கைட் கிரீன் வெளிச்சத்தில் சிதையும், விளக்கை அணைத்த பிறகு மாலையில் விடலாம். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கையுறை கட்டாயம், கர்ப்பிணிகள் கையாளக் கூடாது. மருந்து கலந்த தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ குளத்திலோ கொட்டாதீர்கள்.

சரி, எப்போது நிறுத்துவது? கடைசிப் புள்ளி மறைந்த நாளை எழுதிவையுங்கள். அன்றிலிருந்து குறைந்தது ஒரு வாரம் சூடு, உப்பு, சைஃபன் மூன்றும் தொடர வேண்டும். அப்புறம் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பைக் குறைத்துக்கொண்டே வரலாம். இறால் உள்ள தொட்டியில் மருந்து விட முடியாதவர்களுக்கு வேறு வழி உண்டு. மீன்கள் அத்தனையையும் வெளியே எடுத்து வைத்தியம் செய்யலாம். மீனே இல்லாத தொட்டியில், 27, 28 டிகிரியில், ஒரு வாரம் பத்து நாளில் ஒட்டுண்ணி பட்டினியால் முடிந்துவிடும்.

இனி புது மீன் வந்தால் நேரே தொட்டிக்குப் போகக் கூடாது. பண்ணைக் குளம், ஆக்சிஜன் அடைத்த கவர், கடைத் தொட்டி என்று அது நான்கைந்து இடம் மாறி வந்திருக்கும். வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து அம்பத்தூர் பக்கம்தான் என்றாலும் மழைநாளில் அந்தக் கவர் வண்டியிலேயே குளிர்ந்துவிடும். அலைச்சலில் எதிர்ப்புச் சக்தி குறைந்த மீன்மேல்தான் இது பெருகும். 20 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் போதும். மூன்று வாரம் அதில் வைத்துப் பாருங்கள், மார்கழிக் குளிரில் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். கவரில் வந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனை மட்டும் வலையில் எடுங்கள். இரண்டு தொட்டிக்கும் தனித்தனி வலை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள், காய்ந்தால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது.