டெனிமோடு மலைக்குப் போகாதேயும், தம்பி

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் படிக்க வரும் தம்பி கேட்டிருக்கிறீர்: பல்கலைக்கழக மலைநடைக் குழுவில் சேர்ந்தால் தலைமைத்துவம் பழகலாமாம், சேரட்டா, அறை வாடகை, பகுதிநேர வேலை எல்லாம் எப்படி என்று. வாடகையும் வேலையும் வந்து இறங்கினால் பத்துப் பேர் சொல்லித் தருவார்கள். மலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

சேரும். ஆனால் நான் போன மாதிரிப் போகாதேயும்.

நானும் திருகோணமலைதான், உப்புவெளிப் பெடியன். வந்த முதல் ஒக்டோபரிலேயே பென் லோமண்ட் என்ற மலைக்குக் கூட்டிப் போனார்கள். 974 மீற்றர். கோணேசர் கோயிலுக்குச் சுடுகல்லில் வெறுங்காலோடு ஏறி வளர்ந்தவனுக்கு இது என்ன பெரிய மலை என்று டெனிமும் கன்வஸ் சப்பாத்துமாகப் போனேன். பாதி வழியில் மழை. பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். நடுங்கிக்கொண்டே, யார் கேட்டாலும் "ஒன்றுமில்லை" என்றேன். நான் கதைப்பதை நிறுத்திவிட்டதைக் கவனித்தது கடைசியில் நடந்துவந்த, குழுவை நடத்திய 19 வயதுப் பிள்ளைதான். ஜக்கெட் சிப்பை இழுக்கச் சொன்னாள். விரல் மடங்கவில்லை. உச்சிக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. 12 பேரையும் திருப்பிவிட்டாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

நீர் கேட்ட தலைமைத்துவத்தை நான் அன்றுதான் கண்டேன்.

புறப்பட முன் வரைபடத்தை விரித்து, 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், ஏற்றத்தில் 100 மீற்றருக்கு 10 நிமிடம் கூட என்று கணக்குப் போடுவார்கள். 1892இல் நைஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு. அதைப் பழகும். திருகோணமலையில் எந்த மாதமும் ஆறு மணியை ஒட்டித்தான் பொழுது படும். இங்கே டிசெம்பரில் நாலு மணிக்கு முன்னமே சூரியன் போய்விடும். நெற்றியில் கட்டும் டோர்ச் இல்லாமல் ஏறாதேயும்.

அப்புறம், "படிக்க வந்தனியோ, மலை ஏற வந்தனியோ" என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்பார்கள். பத்து வருடமாக ஒரே அறை, ஒரே கடை, ஒரே கதை என்று இருப்பவர்கள். எனக்கு அதில் கோபம்தான். ஒரு கூட்டத்துக்கு முன்னால் பயமில்லாமல் ஆங்கிலத்தில் வாய் திறந்தது நான் ஒரு மலைச்சரிவில்தான்: "இதிலே நின்று சாப்பிடுவோம்." முதல் வேலைக்கு நேர்முகத் தேர்வில் அதைத்தான் சொன்னேன்.

இப்போதும் என் பையில் ஒரு சோடிக் கையுறை கூடுதலாக இருக்கும். அந்தப் பிள்ளை அன்று தன் பையிலிருந்து எடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மாட்டிவிட்டது அப்படியொரு சோடி. நீலம், ஒரு பெருவிரலில் ஓட்டை. பஸ்ஸில் பிளாஸ்க்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தந்தாள். சீனி இல்லை, பாலும் இல்லை. இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.