காத்திருந்து பெற்ற ஏமாற்றம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பள்ளி இறுதி ஆண்டுகளில் ‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் சீசனைப் பார்த்துத்தான் நான் அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் உலகத்துக்குள் வந்தேன். 2019-இல் இரண்டாம் சீசன் வந்தபோது கல்லூரி விடுதியில் நண்பர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம். சில வாரங்களிலேயே கூட்டம் கலைந்துவிட்டது. பிறகு ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம். 2025 அக்டோபரில் மூன்றாம் சீசன் தொடங்கியது. என்னால் அதை முடிக்கவே முடியவில்லை.

நண்பர் ஒருவர், “தொடரில் குறை இல்லை, நீதான் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொண்டே போனாய்” என்கிறார். இன்னொருவர், ஸ்டூடியோக்காரர்கள் சோம்பேறிகள், ரசிகர்களை ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. நெடுநாள் காத்திருந்து வரும் தொடர்ச்சி என்றால் ஏமாற்றத்தான் செய்யுமா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
வி.

அன்புள்ள வி.,

உங்கள் நண்பர்கள் இருவரும் யார் மேலாவது பழியைப் போட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒருவர் பார்வையாளர் மேல் போடுகிறார், மற்றவர் வரைந்தவர்கள் மேல் போடுகிறார். இருவரோடும் எனக்கு உடன்பாடு இல்லை.

எதிர்பார்ப்பு பற்றிய வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஓர் அருமையான வாய்ப்பு அமைந்திருக்கிறது. ‘ஒன் பஞ்ச் மேன்’ கதையை உருவாக்கிய, ‘ஒன்’ என்ற புனைபெயரில் எழுதுகிற அதே ஆசிரியரின் இன்னொரு படைப்பு ‘மாப் சைக்கோ 100’. போன்ஸ் ஸ்டூடியோ தயாரித்த அதன் முதல் சீசன் 2016-இல் வந்தது. இரண்டேகால் ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த இரண்டாம் சீசன் 2019 ஏப்ரல் 1 அன்று நிறைவடைந்தது. ‘ஒன் பஞ்ச் மேன்’ இரண்டாம் சீசன் தொடங்கியது ஏப்ரல் 9 அன்று. ஆசிரியர் ஒருவரே, ரசிகர்களிலும் பெரும்பாலானோர் அதே ஆட்கள், இடையில் இருந்தது ஒரு வாரம். ‘மாப் சைக்கோ’வின் இரண்டாம் சீசனை முதலாவதைவிடச் சிறந்தது என்று கொண்டாடியவர்களே அடுத்த வாரம், எந்த எதிரியையும் ஒரே குத்தில் வீழ்த்தும் ‘ஒன் பஞ்ச் மேன்’ நாயகன் சைட்டாமாவைப் பார்த்துச் சோர்ந்துபோனார்கள். எதிர்பார்ப்புதான் குற்றவாளி என்றால் அது இரண்டு தொடர்களையும் ஒரே மாதிரி கெடுத்திருக்க வேண்டும் அல்லவா?

ஆகவே முதல் சீசன் எப்படி உருவானது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ‘ஒன்’ இந்தக் கதையை 2009-இல், கோடுகள் கோணலும் மாணலுமாக இருந்த ஓர் இணையக் காமிக்ஸாகத்தான் தொடங்கினார். 2012 முதல் யூசுகே முராட்டா அதை மறுபடி வரைய, அது ஷுவேஷா பதிப்பகத்தின் இணையதளத்தில் மங்காவாக, அதாவது ஜப்பானியக் காமிக்ஸாக வெளிவந்தது. முராட்டாவின் கை எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். அவரது பக்கங்களில் சில, ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகப் புரட்டினால் அசையும். அத்தகைய மங்காவை அனிமேயாக்கும் பொறுப்பு மேட்ஹவுஸ் ஸ்டூடியோவில் ஷின்கோ நட்சுமே என்ற இயக்குநரிடம் வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டு போன்ஸ் ஸ்டூடியோவில் ‘ஸ்பேஸ் டாண்டி’யில் பணியாற்றியவர், ஜப்பானின் மிகச் சிறந்த அனிமேட்டர்கள் பலரோடு நேரடிப் பழக்கம் உள்ளவர். ஜப்பானில் அனிமேட்டர்களில் பெரும்பாலானோர் எந்த ஸ்டூடியோவின் மாதச் சம்பளக்காரர்களும் அல்லர். வரைந்த கட், அதாவது காட்சித்துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றுக்கொண்டு, இன்று இங்கே, நாளை அங்கே என்று வேலை செய்பவர்கள். யோஷிமிச்சி கமேடா, யுடாகா நாகமுரா போன்றவர்கள் அந்த 12 எபிசோட்களுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், அழைத்தவர் மேல் இருந்த மதிப்பும் முராட்டாவின் பக்கங்களை அசைத்துப் பார்க்கும் ஆசையும்தான் என்பது என் கணிப்பு. பணத்தைக் கொட்டி எடுத்த தொடர் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். மற்ற தொடர்களுக்கு ஆகும் வழக்கமான செலவுதான் இதற்கும் ஆனது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் எபிசோடில் சைட்டாமாவும், இயந்திர உடல் கொண்ட அவனுடைய சீடன் ஜெனோஸும் மலைப்பாங்கான வெட்டவெளியில் பயிற்சிக்காக மோதும் காட்சியை மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜெனோஸ் முழு வேகத்தில் பாய்கிறான். கேமராவும் அவனோடு சுழன்று ஓடுகிறது. பாறை பிளக்கிறது, நெருப்பு பீறிடுகிறது, அவன் கால் ஊன்றும் ஒவ்வோர் இடத்திலும் தரை அவன் எடையை வாங்கிக்கொள்வது தெரிகிறது. சைட்டாமா எந்த முயற்சியும் இல்லாமல் அவன் பின்னாலேயே வந்து நிற்கிறான். கடைசியில் அவனுடைய முஷ்டி ஜெனோஸின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது. அடி விழவில்லை, ஆனால் அந்தக் காற்று பின்னால் இருந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு சைட்டாமா, வா, உதோன் நூடுல்ஸ் சாப்பிடப் போகலாம் என்கிறான். அந்த ஒரு நிமிடத்துக்குள் இந்தக் கதையின் சாரம் முழுவதும் அடங்கிவிடுகிறது.

இரண்டாம் சீசன் ஏன் சறுக்கியது என்பதற்கான விடையும் இந்தக் காட்சிக்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கிறேன். கதை எழுத்தை ஒருங்கிணைத்த டோமோஹிரோ சுசுகி இரண்டாம் சீசனிலும் இருந்தார். இசையமைப்பாளர் மகோட்டோ மியாசாகியும், கதாபாத்திரங்களை வடிவமைத்த சிகாஷி குபோடாவும், குரல் கொடுத்த முக்கிய நடிகர்களும் இருந்தார்கள். மூலக்கதையும் மாறவில்லை. மாறியவை இயக்குநர், ஸ்டூடியோ, நட்சுமேயை நம்பி வந்த அந்த அனிமேட்டர் கூட்டம் ஆகிய மூன்றுதான். வேறொரு தொடராக இருந்தால், அதாவது உரையாடலும் உறவுச் சிக்கலும் கதையை நடத்திச் செல்லும் ஒன்றாக இருந்தால், இந்த இழப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும். ‘ஒன் பஞ்ச் மேன்’ ஆல் தாங்க முடியவில்லை. சைட்டாமா ஒரே குத்தில் முடித்துவிடுகிறான் என்பது சிரிப்பாகவும் சோகமாகவும் நம்மை எட்ட வேண்டுமென்றால், அவனைத் தவிர மற்ற எல்லோரும் உயிரைக் கொடுத்துப் போராடுவது நம் கண்ணுக்கு மெய்யாகத் தெரிய வேண்டும். மற்றவர்களின் சண்டை தொய்ந்துபோனால் அவனுடைய ஒரு குத்துக்கும் மதிப்பு இருக்காது. இந்தக் கதைக்கு அசைவு ஓர் அலங்காரம் அல்ல. சொல்லவந்த விஷயமே அசைவின் வழியாகத்தான் சொல்லப்படுகிறது.

இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் எல்டர் சென்டிபீட் என்ற மலையளவு பூரானை சைட்டாமா அடிக்கிறான். முராட்டாவின் மங்காவில் அந்த இடத்துக்கு வந்தால் பக்கத்தைப் புரட்டக் கை எழாது. குத்தின் வேகம் அந்த நெடிய உடலைக் கிழித்துக்கொண்டு போவது அப்படி வரையப்பட்டிருக்கும். அனிமேயிலும் குத்து விழுகிறது, பூரான் சிதறுகிறது, ஆனால் அவ்வளவு பெரிய உடலின் கனம் நம்மை வந்து எட்டுவதில்லை. ஜெனோஸின் இரும்புக் கைகளுக்கு இந்தச் சீசனில் ஒரு செயற்கையான மினுமினுப்பைப் பூசியிருந்தார்கள். முதல் சீசனில் அந்தக் கை வெறும் கோடும் நிழலுமாக இருந்துகொண்டே இரும்பாகத் தெரிந்தது. இங்கே இரும்பின் பளபளப்பு இருக்கிறது, இரும்பு இல்லை.

இதைச் சொல்லும்போதே, கிங் வரும் பகுதிகள் இரண்டாம் சீசனில் உண்மையிலேயே நன்றாக வந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தின் மிகப் பலசாலி என்று ஊரே நம்பும் ஒரு மனிதன், உள்ளுக்குள் பயந்து நடுங்கி, வீட்டில் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். எல்லாம் சலித்துப்போய்விட்டது என்கிற சைட்டாமாவோடு அவன் பேசும் காட்சிக்குப் பெரிய அசைவு எதுவும் தேவைப்படவில்லை. எழுத்தும் குரலும் போதுமானவையாக இருந்தன. அதனால் அந்தக் காட்சி நிற்கிறது.

இரண்டாம் சீசனை எடுத்த ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோ திறமையற்றவர்களின் கூடாரம் என்று உங்கள் இரண்டாவது நண்பர் நினைத்தால், அதே ஸ்டூடியோ 1997-இல் எடுத்த ‘ரெவல்யூஷனரி கேர்ள் உதேனா’வையும், பின்னர் எடுத்த ‘டோராடோரா’வையும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். சோம்பேறித்தனம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. எந்தத் தொடர் எப்போது வர வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் வரைபவர்கள் முடிவு செய்வதில்லை. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை விற்பவர்கள் எனப் பலர் பணம் போட்டுச் சேரும் தயாரிப்புக் குழுதான் முடிவு செய்கிறது. ஸ்டூடியோ என்பது பல நேரங்களில் அந்தக் குழு அமர்த்திக்கொள்ளும் ஒப்பந்தக்காரர்தான். இரண்டாம் சீசன் வரப்போகிறது என்று 2016 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஸ்டூடியோவும் இயக்குநரும் மாறுகிறார்கள் என்ற செய்தி ஓராண்டு கழித்துத்தான் வந்தது. இரண்டாம் சீசன் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில் நட்சுமே அதே மேட்ஹவுஸில் ‘பூகிபாப்’ தொடரை எடுத்துக்கொண்டிருந்தார். அது 2019 ஜனவரியில் ஒளிபரப்பானது. அதாவது, நாம் எந்தக் கைகளுக்காகக் காத்திருந்தோமோ அந்தக் கைகள் வேறு வேலையில் இருந்தன. நமக்கு விற்கப்பட்டது தொடரின் பெயர் மட்டுமே.

ரசிகர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு கணக்குப் பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆறு ஆண்டு காக்கவைத்தார்கள் என்றால் ஆறு ஆண்டும் செதுக்கியிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். காத்திருப்பின் நீளமும் உழைப்பின் நீளமும் வேறு வேறு. உரிமை, பணம், ஒளிபரப்பு நேரம், ஆட்கள் என எல்லாம் கூடிவரும் வரை ஆண்டுகள் வீணாகக் கழியலாம். கடைசியில் பென்சிலைப் பிடிப்பவருக்கு மிஞ்சுவது மாதங்கள்தான். மூன்றாம் சீசன் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு மூன்றாண்டு கழித்து வந்தது. அதில், ஹீரோக்களை வேட்டையாடும் காரோ என்ற பாத்திரம் சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கும் அந்தச் சில விநாடிகளை, உடல் அசையாமல் அட்டைப் படம்போல நகர்வதை, உலகமே பகிர்ந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரமும் ஆளும் போதாமல் போனதன் அடையாளமாகத்தான் அது எனக்குத் தெரிந்தது.

உங்கள் முதல் நண்பர் சொன்னதில் ஓரளவு உண்மை இருப்பதாக நான் ஏற்கும் இடம் ஒன்று உண்டு. காரோவின் கதை நீளமானது. இரண்டாம் சீசன் அதன் நடுவிலேயே அறுந்து நிற்கிறது. அந்த 12 எபிசோட்களில் பலவற்றில் சைட்டாமா தலையில் விக்கை வைத்துக்கொண்டு தற்காப்புக் கலைப் போட்டி ஒன்றில் சுற்றிக்கொண்டிருக்கிறான். காத்திருந்தவர்கள் இதற்கிடையில் மங்காவில் வெகுதூரம் போய்விட்டார்கள். முராட்டாவோ வெளிவந்த அத்தியாயங்களையே திருப்தி இல்லாமல் திரும்ப வரைபவர். எனவே காரோவின் சண்டைகளை நம் ஒவ்வொருவரின் மனமும் முன்கூட்டியே தன் விருப்பப்படி ஓட்டிப் பார்த்துவிட்டது. முதல் சீசன் வந்தபோது நம்மில் பலருக்கு அது எப்படிப்பட்ட தொடர் என்றே தெரியாது. எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம், அது நம்மைத் திகைக்கவைத்தது. அந்தத் திகைப்பை எந்தத் தொடர்ச்சியாலும் இரண்டாம் முறை தர முடியாது. அதற்குப் பதிலாகத் தரக்கூடியது ஆழம். ‘மாப் சைக்கோ’ அதைத்தான் தந்தது. வந்தவர்களை நம்பிக் கதையை அடுத்த படிக்கு நகர்த்தியது, அதற்கு வேண்டிய கைகளையும் பெரும்பாலும் கலையாமல் வைத்திருந்தது.

முதல் சீசனின் கடைசி எதிரியான போரோஸை நினைத்துப் பாருங்கள். தனக்கு ஈடான எதிரி ஒருவன் பூமியில் இருக்கிறான் என்ற ஆரூடத்தை நம்பி 20 ஆண்டுகள் விண்வெளியில் பயணம் செய்து வந்தவன் அவன். தோற்றுச் சாகும்போது, நீ முழு பலத்தைக் காட்டவே இல்லை, இது ஒரு சண்டையே அல்ல என்று சைட்டாமாவிடம் சொல்கிறான். காத்திருந்து ஏமாறுவதன் வலியை இவ்வளவு நேராகப் புரிந்துகொண்ட ஒரு படைப்பு, தன் ரசிகர்களுக்கும் அதே வலியைத் தரும்படி ஆகிவிட்டது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

அதைவிட வருத்தமான ஒன்றும் நடந்தது. மூன்றாம் சீசன் தொடங்கிய சில நாட்களில், தாங்க முடியாத வசைகளால் அதன் இயக்குநர் தன் எக்ஸ் கணக்கை மூடிவிட்டார். நீங்கள் அவ்வாறு எழுதியிருக்க மாட்டீர்கள் என்பது உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்தே தெரிகிறது. ஆனாலும் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குறையைக் குறை என்று எழுத நமக்கு முழு உரிமை உண்டு, எழுதத்தான் வேண்டும், எந்த எபிசோடில் எந்தக் காட்சி, என்ன குறை என்று துல்லியமாக எழுத வேண்டும். இக்கட்டான அட்டவணைக்குள் வேலை செய்த ஒரு மனிதரை வீட்டுவாசல் வரை துரத்துவது விமர்சனம் ஆகாது. அந்த அட்டவணையை வரைபவர் போடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே, தொடர்ச்சி என்றால் ஏமாற்றத்தான் செய்யுமா என்ற உங்கள் கேள்விக்கு, இல்லை என்பதே என் விடை. அடுத்த முறை நீங்கள் விரும்பும் தொடருக்கு ஒரு சீசன் அறிவிக்கப்பட்டால் சுவரொட்டியைப் பார்த்து மகிழ்வதற்கு முன், இயக்குநர் யார், முதல் சீசனின் அனிமேட்டர்களில் எத்தனை பேர் திரும்புகிறார்கள், ஸ்டூடியோவின் கையில் அதே சமயம் வேறு எத்தனை தொடர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். காரோவின் கதையை முழுமையாக அறிய வேண்டுமானால் இப்போதைக்கு முராட்டாவின் மங்காவையே வாசியுங்கள். இரண்டாம் சீசன் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினால் போதும். ‘மாப் சைக்கோ’வின் மூன்றாம் சீசனை இன்னும் பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.